கேளாமலே கொடுப்போம்

சித்திரை வெயிலில், ஞாயிறு பூசை முடிந்து சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடிக்குப் போய்த் திரும்பும் நாம், நா வறண்டு தண்ணீர் கேட்கிறோம். வீட்டிலுள்ள பாட்டியோ, "எனக்குத் தாகமில்லை" என்கிறார். அவரை நம்பி விட்டுவிடலாமா?

வியர்வையால் நீர் குறைந்து குருதியில் உப்பின் செறிவு மிகும்போது, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதனை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. உடனே பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசின் என்னும் ஹார்மோனை வெளியிடுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டிப் பெரும்பகுதியைக் குருதிக்கே திருப்புகின்றன. எஞ்சியதிலும் இயன்றதை மீட்கச் செய்வது இந்த ஹார்மோனே. வெயில் நாளில் சிறுநீர் குறைந்து மஞ்சளாவது இதனாலேயே. சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் தரும் அல்டோஸ்டிரோன், உப்பு வீணாகாமல் காக்கிறது. உப்பும் நீரும் மிகுந்தாலோ, இதயமே மற்றொரு ஹார்மோனைச் சுரந்து அவற்றை வெளியேற்றுகிறது. இவ்வுண்மை 1981-இல் வெளிப்பட்டது.

முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. நீரை மீட்கும் ஆற்றலும் குறைகிறது. எனவே பெரியவர்கள் கேட்கும்வரை காத்திராது, வேளைதோறும் நீரோ மோரோ கொடுப்போம். வயிற்றுப்போக்கின்போது வெறும் நீர் போதாது. கொதித்தாறிய 1 லிட்டர் நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். இதய, சிறுநீரக நோயாளர் மருத்துவர் குறித்த அளவை மீறலாகாது.

தாகமுற்றோர்க்குத் தண்ணீர் கொடுத்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றென ஞானோபதேசத்தில் கற்றோம். அவ்விரக்கம் நம் இல்லத்திலேயே தொடங்குவதாக.