மழை விட்ட மறுநாள் தடத்தைச் சீவ வேண்டும்

கோவை ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் விடிவதற்கு முன்பே இறங்கும் தக்காளியும் புடலையும் பாகலும் சின்ன வெங்காயமும் தொண்டாமுத்தூர், நரசீபுரம், ஆலாந்துறை, தடாகம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. சிறுவாணி ரோடும் தடாகம் ரோடும் தார் ரோடுகள். ஆனால் அந்தத் தாரைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியும் அரைக் கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ மண் தடத்தில் வந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி நின்ற பழைய இட்டேரிகள் பல, இன்று கிராவல் போட்ட தடங்களாக இருக்கின்றன. ஐப்பசி மழை நான்கு நாள் பிடித்தால் போதும், வேன்காரர் உள்ளே வர மாட்டார். “தடம் சரியில்லீங்க, மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்துருங்க” என்பார். அதன்பின் மொபட்டில் இரண்டிரண்டு பெட்டியாக ஏற்றி இறக்க வேண்டியதுதான். அதற்கு ஓர் ஆள் கூலி, அடிபட்ட காய்க்கு விலைக் குறைவு. பால் வண்டிக்கும் பள்ளி வேனுக்கும் 108 ஆம்புலன்ஸுக்கும் இதே தடம்தான்.

இந்தத் தடங்களுக்கு இன்று கிடைப்பவை இரண்டு. ஒன்று, என்றைக்காவது தார் வரும் என்ற வாக்குறுதி. இன்னொன்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டிப்பரில் வந்து கொட்டப்படும் கிராவல். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த இடைக்காலத்தில் செய்ய வேண்டிய வேலைதான் தடத்தைக் காப்பாற்றும் வேலை என்று நாம் உறுதியாகச் சொல்கிறோம். மழை விட்டு மண் ஈரம் காயுமுன் டிராக்டரில் பிளேடு மாட்டி, தடத்தைச் சீவி, வாட்டம் பிடித்துவிட வேண்டும். அதை ஆண்டுக்கு மூன்று முறையாவது செய்ய வேண்டும். ஊராட்சி ஒன்றியங்கள் இதைத் தங்கள் வழக்கமான வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். குடிநீர்த் தொட்டியைக் கழுவுவதும் தெருவிளக்கை மாற்றுவதும் எப்படி ஒரு கடமையோ, இதுவும் அப்படி ஒரு கடமை.

கிராவல் ரோட்டைக் கெடுப்பது வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். வண்டியைவிடத் தண்ணீர்தான் கெடுக்கிறது. மழைத் தண்ணீர் விழுந்த கையோடு ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும். அதற்காகத்தான் நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரித்து விடுகிறார்கள். நம் கிராமச் சாலைக் கையேடுகள் கிராவல் ரோட்டுக்கு 3.5 முதல் 4 சதவீதம் வரை சரிவு கேட்கின்றன. மூன்று மீட்டர் அகலத் தடம் என்றால், ஓரத்தைவிட நடு ஆறு சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். இந்த ஆறு சென்டிமீட்டரை வைத்துத்தான் ஒரு தடத்தின் ஆயுளே இருக்கிறது. டயர் ஓடி ஓடி இரண்டு பள்ளம் விழுந்து நடு தட்டையானதும், தண்ணீர் ஓரத்துக்குப் போகாமல் டயர் பள்ளத்திலேயே ஓடத் தொடங்குகிறது. சரிவான இடத்தில் அது ஓடையாகி அரித்துக்கொண்டு போகும். மட்டமான இடத்தில் தேங்கி ஊறி, அடுத்து வரும் வண்டியின் அச்சுப் பாரத்தில் குழியாகும். தண்ணீரோடு முதலில் போவது கல்லைப் பிடித்து வைத்திருக்கும் நுண்ணிய களிமண். அது போனபின் மிஞ்சும் சரளைக்குப் பிடிப்பு இருக்காது. கோடையில் எழும்பும் செம்மண் புழுதியும் அந்தப் பிடிமண்தான். வேலியோரத்துப் பயிரின் இலையில் படிந்து கிடப்பதும், பள்ளிப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போவதும் நம் காசில் போட்ட ரோடு.

இப்போது நடக்கும் பழுதுபார்ப்பு எப்படி இருக்கிறது? கிராவலைக் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்கள். ஜேசிபி வருகிறது. முன் பக்கெட்டைத் தரையோடு வைத்து இழுத்துத் தள்ளிவிட்டுப் போகிறது. பார்ப்பதற்கு மட்டமாகத் தெரியும். ஆனால் வாட்டம் இருக்காது. பள்ளத்தில் விழுந்த புதுமண் அடியில் இறுகிக் கிடக்கும் பழைய தரையோடு ஒட்டுவதே இல்லை. இன்னும் மோசம், தள்ளிய மண் ஓரத்தில் வரப்பு போல நின்றுவிடுகிறது. மழை வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் தடத்துக்குள்ளேயே சிறைப்படுகிறது. கொட்டிய கிராவல் ஒரு பருவ மழையைக்கூடத் தாங்காததற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

சீவுவது வேறு வேலை. பின்பக்க மூன்று பாயிண்டில் மாட்டும் பிளேடை நேராக வைக்காமல் ஏறத்தாழ 30 முதல் 45 பாகை வரை சாய்த்துத் திருப்புகிறார்கள். டிராக்டர் நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடப் போக வேண்டும். ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சரளையும் பிடிமண்ணும் பிளேடின் முகத்தில் சுருண்டு சுருண்டு நடுவை நோக்கி நகரும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறு பக்கம். பிறகு நடுவில் சேர்ந்த மண்ணைப் பரப்பி இரு பக்கமும் சரிவு கொடுக்க வேண்டும். ஆக நான்கு முதல் ஆறு நடை. கடைசியில் ரோலர் ஓட்டினால் நல்லது. இல்லாத ஊரில் தண்ணீர் டேங்கரை மெதுவாக இழுத்துச் சக்கரத் தடம் மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஓரளவுக்கு இறுகும்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். தடத்தில் அலை அலையாக வரி விழுந்திருந்தால், அலையின் முகட்டை மட்டும் சீவிப் பள்ளத்தை நிரப்புவது வீண். சில வாரங்களில் அதே இடத்தில் அதே அலை எழும்பும். அலையின் அடிமட்டம் வரை வெட்டி, கிளறி, மறுபடி பரப்பினால்தான் தீரும். காய்ந்து இறுகிய தரையில் பிளேடு கடிக்காமல் துள்ளும். அதற்குக் கொத்துப்பல் வைத்த பெட்டிச் சீவியோ, ஆழமில்லாமல் பிடித்த கல்டிவேட்டரோ முதலில் ஒரு நடை போக வேண்டும். இன்னொன்று, டிராக்டரின் முன்சக்கரம் குழியில் இறங்கினால் பின்னால் இருக்கும் பிளேடு மேலே தூக்கும், ஏறினால் கீழே குத்தும். கை பழகாத ஓட்டுநர் விட்டுப்போன தடம் முன்பைவிட மோசமாக இருப்பது இதனால்தான். சொந்தச் சக்கரத்தில் ஓடும் இழுவை கிரேடருக்கு நீளம் அதிகம் என்பதால் இந்தத் துள்ளல் குறைவு. ஜிம்பாப்வேயின் மாவட்ட வளர்ச்சி நிதியம் டிராக்டர் இழுக்கும் கிரேடர்களை வைத்தே கிராமத்து மண் சாலைகளைப் பராமரித்து வந்தது. பெரிய மோட்டார் கிரேடர் வாங்க முடியாத நாடு தேடிக்கொண்ட வழி அது. நமக்கும் பொருந்தும்.

வட்டிக்கடைக்காரர் கணக்கைப் போல இதையும் ரூபாயில் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் தடம், மூன்று மீட்டர் அகலம், நான்கு அங்குலக் கனத்துக்குக் கிராவல் போட ஏறத்தாழ 300 கன மீட்டர் மண் வேண்டும். யூனிட் கணக்கில் நூறுக்கு மேல். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் முப்பத்தைந்து நடை. கிராவல் ரோட்டின் மேற்பரப்பு, வெப்ப நாடுகளில் பொதுவாக ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை தேய்ந்து போகும். நான்கு அங்குலம் எத்தனை ஆண்டுக்கு வரும் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மறுபக்கம், வேளாண்மைப் பொறியியல் துறை உழவர்களுக்கு டிராக்டரை மணிக்கு 500 ரூபாய் என்ற அளவில் வாடகைக்குத் தந்து வருகிறது. ஆறு நடையும் திரும்பும் நேரமும் சேர்ந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும், ஒருமுறை சீவ ஆயிரம் ரூபாய்தான் ஆகும். தனியார் வாடகை இதைப்போல இரண்டு மடங்கு என்றாலும் ஆண்டுக்கு மூன்று முறைக்கு ஆறாயிரம். முப்பத்தைந்து டிப்பர் கிராவலின் விலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சீவினால் கிராவலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொட்டிய கிராவல் நீண்ட நாள் நிற்கும் என்கிறோம்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் உண்டு. அந்த முப்பத்தைந்து நடை மண் எங்கிருந்து வருகிறது? ஏதோ ஒரு கரட்டடியிலிருந்து, ஏதோ ஒரு குளத்திலிருந்து, ஏதோ ஒரு பட்டா நிலத்திலிருந்து. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் அள்ளி, தோட்டங்களுக்கு நடுவே கிணற்றாழத்துக்குக் குழிகள் விழுந்ததையும், ஓடைகள் திசை மாறியதையும், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2021ல் அனுமதியில்லாத சூளைகள் மூடப்பட்டதையும் கோவை மறந்திருக்க முடியாது. யானை நடக்கும் அந்த அடிவாரத்து மண்ணை வெட்டி வந்து, பராமரிக்காத தடத்தில் கொட்டி, மழையில் நொய்யலுக்குக் கரைத்து அனுப்புவது இந்த மண்ணுக்குச் செய்யும் இரட்டைக் கேடு. ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கிராவலைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு நடையும் ஒரு கரட்டைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

ஏன் தாரே போடக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. பேருந்து போகும் ரோடுக்கும், ஊரையும் ஊரையும் இணைக்கும் ரோடுக்கும் தார்தான் வேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டமும், தமிழக அரசின் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டமும் அதற்காக இருக்கின்றன. ஆனால் பத்துத் தோட்டத்துக்கும் ஒரு களத்துக்கும் போகும் தடத்துக்கு அந்த வரிசையில் முறை வர எத்தனையோ காலம் ஆகும். வந்த பிறகும், மெல்லிய தார் பெயர்ந்து விளிம்பு உடைந்தால் அதை டிராக்டர் பிளேடால் சரிசெய்ய முடியாது. பெயர்ந்த தாரைவிட நன்றாகச் சீவிய கிராவல் மேல் என்பது அந்தத் தடத்தில் மொபட் ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

நூறு நாள் வேலைக்காரர்களின் கூலியை இயந்திரம் பறிக்கும் என்ற கவலையையும் லேசாகத் தள்ளக் கூடாது. கூலிக்குப் பதிலாக இயந்திரத்தை இறக்கக் கூடாது என்ற விதியோடுதான் நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அந்த விதி சரியானது. ஆனால் சீவுவதும் இறுக்குவதும் கையால் சரிவரச் செய்வதற்குக் கடினமான வேலைகள். ஓரத்துக் கால்வாயைத் தூர்வாருவது, குழாய்ப் பாலத்தின் வாயை அடைத்த மண்ணை எடுப்பது, வேலிமுள்ளை ஒதுக்குவது, சீவிய பின் துருத்தி நிற்கும் உருண்டைக் கல்லைப் பொறுக்குவது ஆகியவை ஆட்கள் செய்ய வேண்டிய வேலைகள். இந்தக் கைவேலை நடக்காவிட்டால் பிளேடு வேலை ஒரு மழையில் வீணாகும். இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வைப்பதுதான் நிர்வாகம்.

இது புதுச் சிந்தனையும் இல்லை. 1896 வாக்கில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டி. வார்டு கிங் என்ற விவசாயி, ஒரு மரத்தை இரண்டாகப் பிளந்து இணையாகக் கட்டி, மழை விட்டதும் இரண்டு குதிரைகளை வைத்துத் தன் வீட்டு முன் ரோட்டில் சாய்வாக இழுத்தார். சேறும் பள்ளமுமாகக் கிடந்த ரோடு சில பருவங்களில் கெட்டிப்பட்டது. அந்த நாட்டு மோட்டார் வண்டிக் காலத்தின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மைல் மண் ரோடுகள் அந்தப் பலகை இழுவையால்தான் ஓடின. உழவுக்குப் பின் பரம்படிக்கத் தெரிந்த கொங்கு உழவருக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவியும் நேரமும் பொறுப்பும்தான் வேண்டும்.

கருவிக்குக் கோவையில் என்ன பஞ்சம்? ஆர்.எஸ்.புரத்துக்குப் பக்கத்திலேயே லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வேளாண் பொறியியல் கல்லூரி டிராக்டர் கருவிகளை வடிவமைத்தும் சோதித்தும் பார்த்து வந்த இடம். கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் பம்பும் வார்ப்பும் செய்யும் பட்டறைகளுக்கு இரும்புத் தகட்டை வளைத்து விளிம்பு வைத்து பிளேடு செய்வது பெரிய வேலையே அல்ல. 45, 50 குதிரைத்திறன் டிராக்டர்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. இந்திய சாலைகள் காங்கிரஸ் 2008லேயே கிராவல் சாலைகளுக்கென்று தனிக் கையேடு வெளியிட்டுவிட்டது. இல்லாதது ஒன்றே ஒன்று: இது என் வேலை என்று கையெழுத்துப் போடும் அதிகாரி.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தடம் கெட்டால் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கலாம் என்ற வழி அன்றே அடைபட்டது. அப்படியானால் ஒன்றிய அலுவலகம்தான் முன்வந்து பதில் சொல்ல வேண்டும். கோவை மாவட்டத்தில் 12 ஊராட்சி ஒன்றியங்கள், 228 ஊராட்சிகள். ஒன்றியத்துக்கு ஒரு பிளேடும் ஒரு கொத்துப்பல் சீவியும் வாங்கி வைத்து, டிராக்டரை வாடகைக்கு எடுத்தாலே தொடங்கிவிடலாம்.

மாநகராட்சிக்கும் இதில் பங்கு உண்டு. 2011ல் நகரோடு சேர்ந்த வடவள்ளி, வீரகேரளம், கவுண்டம்பாளையம் பக்கத்து மனைப் பிரிவுகளிலும், குழாய் பதிக்கத் தோண்டிய தெருக்களிலும் மறுபடி தார் விழும்வரை மக்கள் மண்ணில்தான் நடக்கிறார்கள். தோண்டிய ஒப்பந்ததாரரே தார் போடும் நாள்வரை வாரம் ஒருமுறை சீவி இறுக்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மாவட்ட ஆட்சியர் முதலில் தொண்டாமுத்தூர், பெரியநாயக்கன்பாளையம் ஆகிய இரண்டு ஒன்றியங்களை எடுத்துக்கொள்ளட்டும். தார் இல்லாத தடங்களைக் கிலோமீட்டர் கணக்கோடு பட்டியலிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொரு தடத்துக்கும் எதிரே கடைசியாகச் சீவிய தேதி இருக்கட்டும். வேளாண் பொறியியல் கல்லூரி ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் முதல் சீவல், கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் இரண்டாவது, கோடை மழைக்குப் பின் மூன்றாவது. முதல் ஆண்டுச் செலவையும், அந்த ஆண்டு வாங்காமல் மிச்சமான கிராவலின் யூனிட் கணக்கையும் கிராம சபையில் வாசிக்கட்டும்.