சூரியத் தகடும் சொரசொரப்பும்

தமிழில் அறிவியலைச் சொல்ல முடியாது என்று நம் வளாக நண்பர்கள் சொல்லும்போதெல்லாம், 'எதைச் சொல்லிப் பார்த்தீர்கள்?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் அது மலாய்க்கு மாறியது. இங்கே வந்ததும் ஆங்கிலமாயிற்று. 12 வயதோடு தமிழ் அறிவியல் முடிந்துபோவதுதான் நம்மில் பலரின் கதை. அந்த வயதுச் சொற்களை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு என் பொறியியல் பாடத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக் கூரைகளில் காணும் சூரியத் தகடுகள் பெரும்பாலும் சிலிக்கானால் ஆனவை. மெருகேற்றிய சிலிக்கான் சில்லு ஏறத்தாழ முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. விழும் ஒளியில் சுமார் 35 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். மின்சாரமாக வேண்டிய ஒளி வானத்துக்கே திரும்பிப் போகிறது!

இதற்குத் தீர்வு, வழவழப்பைச் சொரசொரப்பாக்குவது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலைச் சுமார் 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, அதில் சில்லை முக்குகிறார்கள். சிலிக்கான் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. மெதுவாகக் கரையும் முகங்கள் மிஞ்சி நிற்க, மேற்பரப்பெங்கும் சதுர அடித்தளக் கூம்பகங்கள் தாமாகவே உருவாகின்றன. யாரும் உட்கார்ந்து செதுக்குவதில்லை. ஒவ்வொன்றும் சில மைக்ரோமீட்டர் உயரம்தான். தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

ஒரு கூம்பகத்தின் சரிவில் பட்டுத் தெறிக்கும் ஒளி, பக்கத்துக் கூம்பகத்தின் சரிவில் போய் மோதுகிறது. முதல் மோதலில் 35 விழுக்காடு தப்பினால், இரண்டாவதில் அந்த 35இல் 35 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 12 விழுக்காடுதான் தப்பும். தொடக்கப்பள்ளிக் கணக்கே போதும். இதன்மேல் சுமார் 75 நானோமீட்டர் தடிப்பில் சிலிக்கான் நைட்ரைடு பூசினால் இழப்பு இன்னும் வெகுவாகக் குறைகிறது. (தகட்டின் நீல நிறம் இந்தப் பூச்சினால் வருவது, சிலிக்கானின் சொந்த நிறம் பளபளக்கும் சாம்பல்.) சரிவு வழியே நுழையும் ஒளி சாய்வாகப் பயணம் செய்வதால் சில்லுக்குள் கூடுதல் தூரம் செல்கிறது. சிலிக்கான் மெதுவாகவே உறிஞ்சும் சிவப்பு ஒளிக்கு இது பெரிய உதவி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் 1990களில் உலகச் சாதனை படைத்த மின்கலத்தில், கூம்பகங்களைத் தலைகீழாகக் குழித்திருந்தார்கள்.

மேலே தமிழல்லாதவை பெரும்பாலும் பொருள்களின் பெயர்களும் அளவைகளும்தாம். அவற்றைப் பல மொழிகளும் ஏறத்தாழ அப்படியேதான் வைத்துக்கொள்கின்றன. சொரசொரப்பு, கூம்பகம், சரிவு, கரைசல் எல்லாம் நமக்கு முன்பே தெரிந்த சொற்கள். பழக்கம்தான் விட்டுப்போயிற்று.

'நேர்முகத் தேர்வில் தமிழிலா கேட்கப் போகிறார்கள்?' என்பீர்கள். கேட்கமாட்டார்கள்தான். ஆனால் கூரையில் தகடு பொருத்தச் சொல்லி வருகிற விற்பனையாளர் ஆங்கிலத்தில் அடுக்கிவிட்டுப் போன பிறகு, பல்லாயிரம் ரிங்கிட் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நம்மிடம் தமிழில்தானே கேட்பார்? பொறியியல் படிக்கும் பிள்ளை அப்போது 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா' என்றால், யாருக்குப் புரியவில்லை?

நம் கழகத்தின் இறுதியாண்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஆய்வேட்டைப் பற்றி இந்த ஆண்டிதழில் ஒரு பக்கம் தமிழில் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. கவிதைப் பக்கங்களைக் குறைக்கச் சொல்லவில்லை. கூடும் பக்கங்களின் அச்சுச் செலவுக்கு, விளம்பரம் கேட்டு நானும் வருகிறேன்.