மனநோயும் வீட்டாரும்

மனோதத்துவ ஆராய்ச்சி என்றால் அது மேனாட்டுப் பேராசிரியர்களின் பொழுதுபோக்கு என்றும், சோற்றுக்கும் கூலிக்கும் போராடும் நம் ஜனங்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் கருதுவோர் அரசியல் ஊழியர்களிலேயே பலர் உளர். இக்கருத்து முற்றும் தவறானது என்பது நமது திடமான அபிப்பிராயம். ஒரு வீட்டில் இருபது வயதுப் பிள்ளை சித்தம் கலங்கினால் அந்த வீட்டில் வேலைக்குப் போவது யார், காவலிருப்பது யார், தங்கையின் விவாகம் என்னாகும், தாய் தந்தையர் கண்மூடிய பின் அவனுக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விகள் அனைத்தும் கூலியையும் சோற்றையும் பற்றிய கேள்விகளே அல்லவா?

இக்கேள்விகளுக்கு விடை தேடிய ஆராய்ச்சிகளுள் மிகச் சிறந்த ஒன்று நமது சென்னையிலேயே நடந்தது. 1981-82இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனைக்கு மனச்சிதைவு நோயுடன் முதன்முதலாக வந்த 90 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களை விடாமல் பின்தொடர்ந்தனர் டாக்டர் ஆர். தாரா முதலியோர். பத்தாண்டு கழித்து 76 பேரையும், இருபதாண்டு கழித்து 61 பேரையும் தேடிக் கண்டு விசாரித்தனர். விலாசம் மாறி, வாடகை வீடு மாறி, ஊரே மாறிப் போகும் ஏழைகளை இருபதாண்டுக் காலம் தேடிச் செல்வதென்பது எத்தகைய உழைப்பு என்பதைத் தேர்தல் வேலை செய்தவர்கள் நன்கறிவார்கள். இந்த ஆராய்ச்சியின் தாயகமாக வளர்ந்த ஸ்கார்ப் ஸ்தாபனத்தை 1984இல் தோற்றுவித்தவர், கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் தலைமைப் பதவியை வகித்த டாக்டர் எம். சாரதா மேனன் அம்மையார். 2021இல் அவர் காலமானார்.

இவ்வாராய்ச்சி காட்டிய முதல் உண்மை, இந்நோய் வந்தவன் கதை அத்துடன் முடிந்தது என்பது பொய் என்பதே. நோயாளிகளிற் பெரும்பாலோருக்கு நோய் வந்து தணிந்து மீண்டும் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் உழைக்கிறார்கள், மணந்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் வாழ்ந்தது பைத்திய ஆஸ்பத்திரியில் அன்று. தம் வீட்டில், தம் வீட்டாருடன்.

இங்கே வீடு என்பதைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். 1950களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரௌன் என்பார் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வெளிவந்தவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், அயலார் விடுதிகளில் தங்கியவர்களைவிட அதிகமாக மறுபடி நோய்வாய்ப்பட்டார்கள்! காரணம் ஆராய்ந்தபோது, ஓயாத குற்றங்கூறல், பகைமை, மூச்சுவிட இடங்கொடாத அளவுகடந்த கவலை ஆகிய மூன்றும் நிறைந்த வீடுகளே நோயைத் திரும்ப அழைத்தன என்பது வெளியாயிற்று. லண்டன் ஆராய்ச்சியாளர் 1976இல் வெளியிட்ட கணக்கின்படி, அத்தகைய வீடுகளுக்குத் திரும்பினோரில் நூற்றுக்கு 51 பேர் ஒன்பது மாதத்துக்குள் மீண்டும் நோயுற்றனர். அமைதியான வீடுகளுக்குத் திரும்பினோரில் நூற்றுக்கு 13 பேரே. இதே அளவுகோலைச் சண்டீகருக்குக் கொணர்ந்து டாக்டர் விக் முதலியோர் அளந்து 1987இல் வெளியிட்டனர். லண்டனில் ஏறக்குறையப் பாதி வீடுகள் இவ்வகையின. சண்டீகர்ப் பகுதியிலோ நான்கில் ஒன்றுக்கும் குறைவு. கிராமங்களில் அதனினும் குறைவு. உலக சுகாதார ஸ்தாபனம் பல தேசங்களில் நடத்திய விசாரணைகளிலும் ஏழை நாட்டு நோயாளிகளே நன்கு தேறினர் என்று கண்டது. இம்முடிவைப் பின்னர் ஐயுற்றோரும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, நமது கூட்டுக் குடும்பத்தின் மகிமையை!" என்று மார்தட்டிக்கொள்ளத் துடிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நம் வீட்டார் பொறுமைசாலிகள் என்பது மெய்யாகவே இருக்கட்டும். அந்தப் பொறுமைக்கு விலை கொடுப்பது யார்? பெரும்பாலும் தாய், தாயில்லாத இடத்தில் மனைவி. நோயுற்றவள் பெண்ணாயிருந்தால் கதையே வேறு. மனச்சிதைவு நோயுற்றுக் கணவனால் விலக்கப்பட்ட 76 பெண்களைப் பற்றிச் சென்னையில் நடந்த ஆராய்ச்சி 2003இல் வெளிவந்தது. அவர்களிற் பெரும்பாலோர் பிறந்தகம் வந்து சேர்ந்தவர்கள், ஜீவனாம்சம் காணாதவர்கள். நோயின் அவமானத்தைவிட வாழாவெட்டி என்ற அவமானமே அவர்களையும் பெற்றோரையும் அதிகமாக வாட்டியது. முதிய பெற்றோரின் ஒரே விசாரம், தங்களுக்குப் பின் இவளுக்கு யார் என்பது. நோயுற்ற கணவனுக்கு மனைவி தாதியாகிறாள். நோயுற்ற மனைவிக்குப் பல கணவன்மார் வக்கீலைத் தேடுகிறார்கள். "கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்று உண்மையை மறைத்து விவாகம் முடிக்கும் பெரியவர்கள் இந்தப் பாவத்தில் பங்காளிகள். வழக்குமன்றத்தில் அந்த மறைப்பே பெண்ணுக்கு எதிரான ஆயுதமாகிறது என்பதைத் தொழில் முறையில் நாம் கண்டிருக்கிறோம்.

நிற்க. இந்த ஆராய்ச்சிகள் அளந்த வீடு இன்று எங்கே இருக்கிறது? சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில், திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த புதுவாயலை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் பெரியபாளையம் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்ந்துகொண்டு செல்லும் ஆடி மாதக் கூட்டம். மறுபுறம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள். மகன் இரவு ஷிப்டுக்குப் போகிறான்; மருமகள் பகலில் வேறொரு ஆலைக்குப் போகிறாள்; திண்ணையில் எப்பொழுதும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் வாலிபர்களுக்கோ தாயுமில்லை, பாஷை தெரிந்த அண்டை வீட்டாருமில்லை. இந்நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் இளமையில். அவர்கள் வயதும் அதுவே. அவர்களுள் ஒருவன் தனக்குள் பேசத் தொடங்கினால் மேஸ்திரி செய்யக்கூடியது ரயிலேற்றி அனுப்புவதுதான்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு இடந்தரும் மசோதா ஒன்று நமது சட்டசபையில் நிறைவேறி, தொழிலாளர் எதிர்ப்பால் வாபஸாயிற்று. அவ்வெதிர்ப்பில் கலந்துகொண்டவர்கள் கூலியையும் ஓய்வையும் பற்றிப் பேசினர், பொருத்தமே. வேலை நேரம் நீளுந்தோறும் வீட்டிலுள்ள நோயாளிக்கு மருந்து கொடுக்க ஆளில்லாமற் போகும் என்பதையும் அவர்கள் பேசியிருக்கலாம். தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டப்படி, நோயுற்றவன் தொழிலாளியேயானால் நெடுநாள் நோய்களுக்குரிய சலுகை உண்டு. கடும் மனநோயும் அவற்றில் அடங்கும். ஆனால் நோயாளியைக் காக்கும் தாய்க்கோ தமையனுக்கோ சம்பளத்துடன் ஒரு நாள் லீவும் அதில் இல்லை. மாதம் ஒருமுறை நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல அரை நாள் லீவு என்பது ஆலை முதலாளிகள் தாங்க முடியாத சுமையா? தொழிற்சங்கத்தார் தங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்ப்பார்களாக.

வீட்டாரைத் துணையாக்கிக்கொள்வது புது யோசனையுமன்று. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கூடாரமடித்து நோயாளிகளின் உறவினரைத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநோய்ப் பிரிவும் அவ்வழியையே கைக்கொண்டது. உறவினர் கூடவே இருந்து நோய் இன்னதென்று கற்றுக்கொண்டு போனார்கள். இந்த வழிக்கு நேர் எதிரானது ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்டு 6ந் தேதி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளின் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் கொடியவர்களா? அல்லர். பலர் கைப்பொருளிழந்து களைத்துப்போன பெற்றோர். கோயிலுக்கோ தர்காவுக்கோ நேர்ந்துகொள்பவரை நாம் பரிகசிக்கவில்லை. பெரியபாளையம் போகட்டும், மருந்தையும் கையோடு எடுத்துப் போகட்டும். அந்த மருந்து மாதந்தவறாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்படி செய்வது சர்க்காரின் கடன்.

2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தயவாக அன்றி உரிமையாகவே வகுத்திருக்கிறது. 2018 மே மாதத்தில் அமுலுக்கு வந்த இச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, சர்க்கார் செலவில் நடக்கும் மனநோய்ச் சிகிச்சையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அன்றி, கடும் மனவேதனைக்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு. 14416 என்ற டெலிபோன் எண்ணில் 2022 அக்டோபர் முதல் இலவச ஆலோசனையும் கிடைக்கிறது. புதுவாயல் கடைத்தெருவில் இவ்வெண்ணை எழுதிய பலகை ஒன்றை மாட்டப் பஞ்சாயத்தாருக்கு ஆகும் செலவு அற்பம். தமிழிலும் ஹிந்தியிலும் எழுதட்டும்.

தங்களுக்குப் பின் யார் என்று கலங்கும் பெற்றோருக்கும் அச்சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 14ஆம் பிரிவின்படி, நோயாளி தெளிவுடன் இருக்கும் காலத்தில், தன் சிகிச்சை விஷயங்களில் தனக்காகப் பேச, தான் நம்பும் ஒருவரைப் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம். ஸ்டாம்புக் காகிதம் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நியமிக்கப்படுபவர் இசைய வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள நமது வக்கீல் நண்பர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பீஸ் வாங்காமல் இந்தத் தாள்களை எழுதிக்கொடுக்கலாம்.