கண்ணாடி அறைக்குள் ஓர் உற்சவர்

வேதியியல் ஆய்வகத்தைப் பற்றித் தமிழ்த்துறையினர் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மூலத்தைத் தொடாமல் கோனார் உரையை மட்டும் படித்துத் தேறியவரை இலக்கியம் கற்றவரென்று நாம் ஏற்பதில்லை. அவ்வாறிருக்க, ஒளியைத் தம் கண்ணால் பிரித்துப் பாராமலே நிறமாலையியலில் தேறுபவரை மட்டும் எங்ஙனம் ஏற்பது?

பெரியகுளம் வட்டாரத்தில் நாம் கண்ட ஆய்வகம் ஒன்றில் நிறமாலை ஒளிமானிக்குத் தனிக் கண்ணாடி அறை. தர மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் அதன் உறை நீங்கும். மற்ற நாள்களில் பூட்டு. மாணவியர் வெளியே நின்று தரிசித்துவிட்டு, நூலிலுள்ள வரைபடத்தைப் பதிவேட்டில் பிரதி செய்கின்றனர். பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சமே அங்கே பாடத்திட்டம்.

1928இல் கல்கத்தாவில் சி.வி. இராமனிடம் இருந்தவை சூரிய ஒளி, வண்ணக் கண்ணாடி வடிகட்டிகள், கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு சிறு நிறமாலைகாட்டி. அவருடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன், நமது வருசநாட்டு மலைக்கு அப்பாலுள்ள வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். 1930இல் நோபல் பரிசு வந்தது கருவியின் விலைக்காக அன்று.

இன்று அட்டைப்பெட்டி ஒன்றும் பழைய டிவிடித் தகடு ஒன்றும் போதும். தகட்டின் தடங்களுக்கிடையே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி. அதுவே ஒளியைப் பிரிக்கும். டியூப்லைட்டை நோக்கினால் பாதரசத்தின் 546 நானோமீட்டர் பச்சைக்கோடு தெளிவாகத் தெரியும். அதைக் கொண்டே அளவுகோலைத் திருத்தலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் தோலை நீரில் ஊறவைத்து, அச்சாற்றின் வழியே விளக்கொளியைச் செலுத்துங்கள்: நிறமாலையின் பச்சைப் பகுதி மங்கும். சிறிது சலவைச்சோடா சேர்த்தால் சாறு நீலம் பாயும். மங்கிய இடமும் சிவப்பை நோக்கி நகரும். அமிலமும் காரமும் மூலக்கூற்றை மாற்றுவதை இதைவிட எந்தப் பாடநூல் சொல்லிவிடும்?

துல்லியம் போதாது என்பர். உண்மைதான், ஆய்வேட்டிற்கு இது உதவாது. ஆனால் பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதும் வேதியியற் கல்வியே. விலையுயர்ந்த கருவியை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதன் பெயரால் கையைக் கட்டிப்போடாதீர்கள் என்கிறோம். முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு நிறமாலைகாட்டியைத் தாமே செய்யட்டும். அதற்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வழங்குங்கள். பிறகு அந்தக் கண்ணாடி அறையின் பூட்டையும் திறந்துவிடுங்கள்.