வெயில் தரும் வைட்டமினும் காசநோயாளியின் தட்டும்

குரோம்பேட்டையைத் தாண்டியதும் மின்சார ரயிலில் அறிவிப்பு வரும்: ‘தாம்பரம் சானடோரியம்’. அன்றாடம் போய்வருபவர்களுக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர் மட்டுமே. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசத்துக்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. மருத்துவர் கையில் இருந்தது அவ்வளவுதான். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903-லேயே நோபல் பரிசு பெற்றிருந்தார். ஒளி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

அதில் ஒரு முக்கியமான பகுதி 2006-இல் துலங்கியது. மூச்சோடு உள்ளே போகும் காசக் கிருமியை நுரையீரலில் காவல் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற செல் விழுங்கிவிடுகிறது. வேறு கிருமியாக இருந்தால், அதை விழுங்கிய பை செரிமான நொதிகள் நிறைந்த இன்னொரு பையோடு இணையும், கிருமி கரைந்துபோகும். காசக் கிருமி அந்த இரண்டு பைகளையும் இணையவிடாது. கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகும்.

லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட் மோட்லின் குழு கண்டது இதுதான்: கிருமி வந்திருப்பதை உணர்ந்த செல், வெயில் தரும் வைட்டமின் டி-க்கான ஏற்பிகளைப் பெருக்குகிறது, ரத்தத்தில் வரும் வைட்டமின் டியை முழு வீரியம் பெறச் செய்யும் நொதியையும் தயாரிக்கிறது. அது சிறுநீரகத்தின் வேலை என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். இங்கே செல் தன் தேவைக்குத் தானே சமைத்துக்கொள்கிறது. வீரியம் பெற்ற வைட்டமின் ஒரு மரபணுவை முடுக்கிவிட, கேத்தலிசிடின் என்ற புரதம் உருவாகிறது. அதிலிருந்து பிரியும், 37 அமினோ அமிலங்களே கொண்ட துணுக்கு கிருமியைத் தாக்குகிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களின் ரத்தச் சீரத்தில் வைத்த செல்களால் இந்த ஆயுதத்தைச் சரியாகச் செய்ய முடியவில்லை. வைட்டமினைச் சேர்த்ததும் செய்தன. எலிகளின் உடலில் இந்த மரபணுவுக்கு வைட்டமின் டி முடுக்கி கிடையாது. எலிகளை மட்டுமே சோதித்திருந்தால் இந்த உண்மை கண்ணில் பட்டிருக்காது.

அப்படியானால் மாத்திரை கொடுத்தால் போதுமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான லண்டன் ஆய்வில், சளியிலிருந்து கிருமி மறையும் காலம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை கொண்ட சிலருக்கு மட்டும் பலன் தெரிந்தது. இந்தியாவில் 247 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்விலும் பலன் இல்லை. மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை இருந்தது. வாரந்தோறும் வைட்டமின் பெற்றவர்களில் 3.6 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 3.3 சதவீதம் பேருக்கும் கிருமி தொற்றியிருந்தது.

ஆய்வகத்தில் கண்டது பொய்யா? இல்லை. சிகிச்சையைப் பொறுத்தவரை, இதற்கான விடையில் பாதி சென்னையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1950-களில் சென்னையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு, வீட்டில் ஏழைச் சாப்பாட்டோடு மருந்து எடுத்தவர்களும், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதைக் காட்டியது. வீரியமான மருந்துகள் கிருமியைக் கொல்லும்போது, வைட்டமின் கூடுதலாகச் சாதிப்பதற்கு இடம் குறைவு. செல்லின் போர் ஒரே ஒரு ஆயுதத்தை நம்பி நடப்பதும் இல்லை.

பாலில் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடிப் பாக்கெட்டைக் கரைத்துக் குடிப்பது இன்று பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. காசநோயாளிகள் இதைத் தாங்களாகச் செய்வது ஆபத்து. நுரையீரலில் கிருமியைச் சூழ்ந்திருக்கும் செல்கள் கட்டுப்பாடில்லாமல் வைட்டமினை வீரியமாக்கினால், ரத்தத்தில் கால்சியம் எகிறும். எலும்புக்காகவோ, பற்றாக்குறைக்காகவோ மருத்துவர் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். அதைக் காச மருந்தாக எண்ணி, ஆறு மாத மாத்திரைகளில் ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது.

சானடோரியம் காலத்தவர்கள் வெயிலோடு சேர்த்துச் சொன்ன சாப்பாட்டைத்தான் நாம் மறந்துவிட்டோம். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால், அந்த வீட்டில் அடுத்து யார் படுக்கையில் விழுவார் என்பதில் சோற்றுத்தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எந்த ஒற்றை வைட்டமினும் இதைச் சாதித்ததில்லை.

நம் நியாயவிலைக் கடையில் மொத்தக் குடும்பத்துக்கும் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்புதான். காசநோயாளி உள்ள வீட்டின் அட்டைக்கு, சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் ஆளுக்கு ஒன்றரை கிலோ பருப்பு கிடைக்கத் தமிழ்நாடு அரசு உத்தரவிட வேண்டும்.