இலக்கண நூலைப் படமாக எடுக்க முடியுமா?

பதிவு கொஞ்சம் நீளம். முழுதும் படியுங்கள், பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடாதீர்கள்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஹானர் அமங் தீவ்ஸ்’ படத்தைப் பற்றி என் பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். “நல்ல படம் சார், ஆனால் ஓடவில்லை. மக்களுக்கு ரசனை இல்லை” என்கிறான். தம்பி, மக்களைத் திட்டாதே. தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது இது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை நடத்துநர். “எதிரே குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பார். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி என்று ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் செய்வதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை 20 முகமுள்ள பகடை சொல்லும். முடிவு யாருக்கும் தெரியாது, நடத்துநருக்கும் தெரியாது.

அப்படியென்றால் இந்த விளையாட்டில் ‘கதை’ எங்கே இருக்கிறது? புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் விதிகளும் அசுரர் பட்டியலும் ஊர்ப் பெயர்களும்தான். அது நன்னூல் மாதிரி. நன்னூலைப் படித்தவன் கவிதை எழுதலாம். நன்னூலையே படமாக எடுக்க முடியுமா? ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படமானதே என்று கேட்காதீர்கள். அது காப்பியம். டோல்கீன் எழுதி முடித்த கதை. இது இலக்கணம்.

2000-இல் ஒரு முறை எடுத்தார்கள். ஜெரமி அயர்ன்ஸ் போன்ற பெரிய நடிகர் வில்லன். டிராகன்கள் கூட்டமாகப் பறந்தன. போட்ட பணத்தைக்கூட வசூல் எட்டவில்லை. மறுபடி 2023-இல் ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவு. உலகம் முழுதும் சேர்த்து 21 கோடிக்குக் கொஞ்சம் குறைவாக வசூல். அதில் பெரும்பங்கு தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும். கணக்கு உங்களுக்கே தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாவது படம் நல்ல படம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒரு பாலம் வருகிறது. அதைக் கடப்பதற்கான விதிகளை ஒருவர் நீளமாக விளக்குகிறார். விளக்கி முடிப்பதற்குள் இன்னொருவன் தெரியாமல் காலை வைத்துவிட, பாலமே இடிந்து விழுகிறது. மேசையில் நடப்பது அச்சு அசலாக இதுதான். நடத்துநர் பாடுபட்டுத் தயாரித்த புதிரை ஒரு பகடை பாழாக்கும். அந்த இயக்குநர்கள் விளையாட்டைப் புரிந்துகொண்டவர்கள். ஆனாலும் மேசையில் அந்தப் பாலம் இடிந்தால் அடுத்து என்ன செய்வது என்று நீ யோசிக்க வேண்டும். தியேட்டரில் உனக்காக வேறொருவர் முன்பே யோசித்துவிட்டார். நீ பாப்கார்ன் சாப்பிடலாம்.

பிறகு ஏன் எடுக்கிறார்கள்? பெயர் விலைபோகும் என்பதால். விளையாட்டின் உரிமை இன்று ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்திடம் இருக்கிறது. படம் வர மூன்று மாதம்கூட இல்லாதபோது, 2023 ஜனவரியில் ஒரு செய்தி கசிந்தது. 2000 முதல் பிறரும் தங்கள் கதைகளை எழுதி விற்க உதவிய பொது உரிமத்தை மாற்றி, நிறைய விற்பவர்களிடம் பங்கு கேட்கப் போகிறார்களாம். விளையாடுபவர்கள் கொதித்தார்கள், சந்தாக்களை ரத்து செய்தார்கள். அந்த மாத முடிவுக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவில் விட்டது. ஒரு கையால் திரையில் கதை விற்று, மறு கையால் கதை சொல்பவனிடம் வரி கேட்டார்கள். இதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

“படம் வந்தால்தானே புதியவர்கள் விளையாட வருவார்கள்?” என்பீர்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பாருங்கள். நான்கு பையன்கள் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து பகடை உருட்டுவதைக் காட்டியது. விளையாட்டின் பெயரையே அதில்தான் முதலில் கேட்டவர்கள் ஏராளம்.

இன்னொன்று ‘கிரிட்டிக்கல் ரோல்’. குரல் நடிகர்களான நண்பர்கள் சிலர் தாங்கள் விளையாடுவதை 2015 முதல் இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அந்தக் கதையைக் கார்ட்டூனாக்க 2019-இல் பொதுமக்களிடம் ஏழரை லட்சம் டாலர் கேட்டார்கள், 1.1 கோடிக்கு மேல் வந்தது. ஏனென்றால் அது பகடை தீர்மானித்த, உண்மையில் விளையாடப்பட்ட கதை. படம் எடுக்க ஆசை இருந்தால் இதுதான் வழி: முதலில் மேசை, பிறகு திரை.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த தொடக்கப் பள்ளி வாத்தியார் நான். சினிமா நிபுணன் அல்ல. ஆனால் ஒன்று தெரியும். கதை கேட்கும் பிள்ளைக்கும் கதை சொல்லும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு. சொல்லும் பிள்ளை அடுத்தவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கக் கற்கிறது. தோற்றாலும் “சரி, அடுத்து இப்படிச் செய்வோம்” என்கிறது. 15 கோடி டாலர் செலவழித்தாலும் இதைத் திரையால் தர முடியாது. காகிதம், பென்சில், சில பகடைகள், நான்கு பிள்ளைகள் போதும்.

ஆகவே இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் படத்துக்கு அழைத்துப் போவதோடு நிறுத்தாதீர்கள். அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இறக்கி எடுத்து, மேசையைச் சுற்றி உட்காருங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.