வெயிலில் வேகும் உழைப்பாளர்

வேனில் என்னும் இனிய சொல் நமக்கிருக்க, நாளிதழ்கள் இன்றும் ‘அக்கினி நட்சத்திரம்’ என்றே முழங்குகின்றன. அது கிடக்க. உச்சி வெயிலில் தார்ச்சாலை இடும் நம் உழைப்பாளர்க்கு நிழல் எங்கே? 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்திற்கு 4 இலக்கம் உருபா வழங்க ஆணையிட்டது. நன்றே; ஆயினும் உயிர் போனபின் வரும் பணம் அது! கூலி குறையாமல் நண்பகல் 12 முதல் 3 வரை வேலையை நிறுத்தச் சட்டம் வேண்டும்.

வியர்வை நிற்பினும் நில்லாவிடினும், உடல் அனலாகிப் பேச்சுக் குழறின் அது வெப்பத்தாக்கே. நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தார் வாயில் நீர் புகட்டாதீர்கள், 108-ஐ அழையுங்கள். பணியிடத்தில் குடிநீர்க் குடமும் நிழற்பந்தலும் இல்லையேல், வேலை தருவோரை ஊரார் கூடிக் கேளுங்கள்.